நான் மருத்துவர் அல்லேன்

கடந்த 3 மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் காலை 6.30 மணிக்கு அமெரிக்க மாணவி ஒருவருக்கு இணையவழியில் இந்தி கற்பித்து வந்தேன். அவருக்கு அது வெள்ளிக்கிழமை இரவு. 22 வயதில் டெல்லிக்கு வந்த பிறகே இந்தி கற்ற எனக்கு இப்பணி வாய்த்ததை எண்ணி விடுதி நண்பர்கள் நகைத்தனர். தெற்கு ராஜஸ்தானின் துங்கர்பூர்ப் பகுதியில் வாக்டி மொழி குறித்து நான் களப்பணி செய்வதே காரணம். அம்மாணவி செல்லவிருந்ததும் அப்பகுதிக்கே.

அவர் ஒரு ‘ப்ரீ-மெட்’ மாணவி. இங்கே பள்ளி முடிந்ததும் நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்கிறோம். அங்கே 4 ஆண்டு இளநிலைப் பட்டம், எம்கேட் தேர்வு ஆகியவற்றின் பின்னரே மருத்துவக் கல்லூரி. இடையில் பெறும் சேவை அனுபவம் விண்ணப்பத்திற்கு வலுச்சேர்க்கும். எனவே விடுமுறையில் அயல்நாட்டு மருத்துவ முகாம்களுக்குச் செல்வோர் பலர். இவரும் 4 வார முகாமுக்காக ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். அவருடைய ஆர்வத்தில் பொய் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வகுப்பிற்கே 40 வாக்கியங்களைப் பட்டியலிட்டுக் கொண்டுவந்திருந்தார். ‘எங்கே வலிக்கிறது?’, ‘வாயைத் திற’, ‘மூச்சை இழுத்துவிடு’. எல்லாம் வினாக்கள் அல்லது ஏவல்கள். பாட்டி வயதுடையவரிடம் ‘பைட்’ என்றோ ‘பைட்டோ’ என்றோ சொல்லலாகாது, ‘பைட்டியே’ என்றே சொல்ல வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினோம். ஆங்கிலத்தில் நோயாளி காய்ச்சலை உடையவர். இந்தியிலோ தமிழைப் போலவே காய்ச்சல் அவருக்கு வருகிறது. ‘முஜே புகார் ஹை’ என்பதை நான்காம் வேற்றுமையோடு விளக்கியபோது, ‘அப்படியானால் நோய் அவர்கள் செய்த பிழையன்று’ என்றார். நல்ல மாணவி என்று மகிழ்ந்தேன்.

ஐந்தாம் வாரம், ‘இப்போது உங்களுக்கு ஊசி போடப் போகிறேன்’ என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். சென்ற ஆண்டு சென்ற மாணவர்களை ஊசி போட அனுமதித்தார்களாம். தம் ஊரில் அவர் எவருக்கும் ஊசி போட இயலாது. தாயகத்தில் செய்யக்கூடாததை அயல்நாட்டிலும் செய்யலாகாது என்பதே அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் மாணவர்களுக்கு வகுத்துள்ள நெறியின் சாரம். இதை அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயம் குறுக்கிட்டது.

2 ஆண்டுகளுக்கு முன், உடலுறுப்புப் பெயர்களைத் தொகுக்க ஒரு மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முழங்காலைச் சுட்டிப் பெயர் கேட்டேன். பெயரைச் சொன்னவர், பாவாடையைச் சற்று விலக்கி வீங்கியிருந்த காலைக் காட்டினார். ஒலிப்பதிவுக் கருவியையும் குறிப்பேட்டையும் கண்டு என்னை மருத்துவர் என்று எண்ணியிருக்கிறார். எனக்கு அது விளங்காமலில்லை. ஆயினும் ஒலி தெளிவாக வேண்டும் என்று அச்சொல்லை மும்முறை சொல்லச் செய்தேன். மாலையில் அவர் மருந்து கேட்ட பிறகே உண்மையைச் சொன்னேன். அப்பதிவின் இறுதியில், ‘இது சரியாகிவிடுமா?’ என்று அவர் கேட்பது பதிவாகியுள்ளது. ஊர் திரும்பியபின் அதை எழுத்துப்பெயர்த்து, எதிர்கால வினைமுற்றுக்கு எடுத்துக்காட்டு எனக் குறித்து வைத்தேன். விடை சொல்லவில்லை.

இதை அம்மாணவியிடம் சொன்னேன். 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகாவில் இவான் இல்லிச், சேவைக்கு வந்த அமெரிக்க மாணவர்களிடம், ‘கற்க வாருங்கள், உதவ வராதீர்கள்’ என்ற பொருளில் ஆற்றிய உரையையும் அனுப்பினேன். மறு வாரம் அவர் கேட்டார்: ‘நான் போகக்கூடாது என்றால், ஆய்வுக்கென நீங்கள் மட்டும் போகலாமா?’ நேர்மையான கேள்வி. போகலாம், ஆனால் நாம் யார் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் போகலாம் என்பதற்கு மேல் என்னிடம் விடை இல்லை.

அன்று பட்டியலை மாற்றி எழுதினோம். முதல் வாக்கியம்: ‘மை டாக்டர் நஹீ ஹூம்.’ அடுத்து, ‘நான் மாணவி.’ ‘எனக்குப் புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்.’ ‘மருத்துவரை அழைத்து வருகிறேன்.’ அங்குள்ள முதியோர் பலருக்கு இந்தியும் வீட்டுமொழியன்று. வாக்டியில்தான் விடை சொல்வர். ஆகவே ஊரின் ஆஷா பணியாளரை முதல் நாளே கண்டு, அவர் அருகிலிருக்கும்போது மட்டுமே பேச வேண்டும் என்றும் முடிவு செய்தோம். ஊசி பற்றிய வாக்கியத்தை அவரே அடித்துவிட்டார்.

கடந்த வாரம் அவர் புறப்பட்டுவிட்டார். அக்டோபரில் நானும் அதே ஊருக்குச் செல்கிறேன். என் களவினாநிரலின் முதல் பக்கத்தில், உடலுறுப்புப் பெயர்களுக்கு முன்னால், ஒரு வாக்கியத்தை வாக்டியில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். அந்த மூதாட்டி இருந்தால் அதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். பிறகு அவர் காலைப் பற்றிக் கேட்க வேண்டும், ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துவிட்டு.