பெருங்காயத்தில் கோதுமை

ரசத்துக்குப் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். எங்கள் தம்போய் வீட்டில் அதைக் கண்டுபிடித்தவர் அப்பா. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார், எனக்காக.

எனக்கு இருப்பது 'இயோசினோபிலிக் ஈசோபஜைட்டிஸ்'. (வானொலி அறிவிப்பாளரான எனக்கே அதை ஒரே மூச்சில் சொல்ல ஒரு வாரமானது.) உணவுக்குழாயில் வரும் நாள்பட்ட ஒவ்வாமை நோய். அங்கே இருக்கக்கூடாத ஒருவகை வெள்ளை அணுக்கள் குவிந்து அழற்சி உண்டாகும். கோழித்துண்டு நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும். தண்ணீர் குடித்தாலும் இறங்காது. கவனிக்காமல் விட்டால் குழாய் சுருங்கும். 1990களில்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். 'கேஸ்ட்ரிக்தான்' என்று வருடக்கணக்கில் சிரமப்பட்டு விழுங்குகிறவர்கள் ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மருந்துகள் உண்டு. நான் சாப்பாட்டு வழியைத் தேர்ந்தெடுத்தேன். பால், கோதுமை, முட்டை, சோயா, கடலை–முந்திரி வகைகள், மீன்–இறால் வகைகள் ஆகிய ஆறையும் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். சிகாகோ மருத்துவர்கள் 2006இல் குழந்தைகளிடம் பலன் கண்டு வெளியிட்ட முறை இது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று காட்டித்தர தோல் பரிசோதனையை நம்ப முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் எண்டோஸ்கோப்பி செய்து, சிறு திசு எடுத்துப் பார்க்க வேண்டும். குரலை நம்பிப் பிழைக்கும் எனக்கு அந்தக் குழாயைக் கண்டாலே பயம்.

வீட்டில் இட்லி, தோசை, தேங்காய்ப்பால் குழம்பு என்று சமாளித்துவிடலாம். கடையில்தான் திண்டாட்டம். மீ கோரேங்கில் கோதுமை, முட்டை, சோயா மூன்றும் இருக்கும். பெலாச்சானில் இறால். கிச்சாப்பில் சோயாவோடு பெரும்பாலும் கோதுமையும் உண்டு. பால் சேராதது என்று விற்கும் கிரீமர் பொடியிலும் பால் புரதம் இருப்பதுண்டு. 'சூசு', 'காண்டும்', 'தெலோர்' என்ற மலாய்ச் சொற்களைத் தேடித்தான் இப்போது எந்தப் பொட்டலத்தையும் கையில் எடுக்கிறோம்.

கடைசியில் எனக்குப் பிடிபட்ட குற்றவாளி பால். பலருக்கும் அதுதான். அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் ஆறையும் நிறுத்தியவர்களில் 40 விழுக்காட்டினருக்கும், பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. பெரிய வித்தியாசமில்லை. பாதிப் பேருக்கு மேல் இரண்டுமே கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால், மருத்துவர், உணவியல் நிபுணர் துணையோடு பாலிலிருந்து தொடங்குவதே சுலபம்.

"ஒரு சொட்டுதானே கண்ணு, என்ன செய்துடும்?" என்று அத்தை தே தாரேக்கை நீட்டுவார். வேண்டாம் என்றால் மனத்தாங்கல் என்று நினைத்துக்கொள்வார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாம், குடிக்கத்தான் கூடாது என்று சிரித்துச் சமாளிப்பேன். தே ஓ பழகிவிட்டது. தயிர் இல்லாமல் சாப்பாட்டை முடிப்பதுதான் இன்னும் பழகவில்லை. அம்மா தேங்காய்ப்பாலில் மோர் செய்து பார்த்தார். சுமார்தான்.