செகண்ட்ஸ்

ஆம்பூர்க்காரர்களுக்கு 'செகண்ட்ஸ்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. தையலில் ஒரு நூல் விலகியிருக்கும். இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். எங்கேயாவது பசைத் தடம் இருக்கும். ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டிய ஷூ, செக்கிங் மேசையில் ஒதுக்கப்பட்டு பஜார் வழியாக நம் காலுக்கு வந்து சேரும். பள்ளிக்கூட நாட்களில் தொடங்கி, கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போகிற காலம் வரை நான் போட்டதெல்லாம் அதுதான். நல்ல ஷூதான். வெளியூர்க்காரன் கண்ணுக்குக் குறை தெரியாது. ஆனால் போட்டிருக்கிறவனுக்குத் தெரியும், எங்கே இருக்கிறதென்று.

2019 கடைசியில் லென்ஸ் வாங்கப் புறப்பட்டபோது எனக்குள் இருந்த வீம்பு அங்கிருந்து வந்தது. இந்த ஒரு பொருளையாவது செகண்ட்ஸாக வாங்கக் கூடாது.

வேண்டியது கேனன் 24-70 எஃப் 2.8. கல்யாணப் படக்காரனுக்கு அது சோறு மாதிரி. மண்டபம் முழுவதையும் 24இல் அடக்கலாம், தாலி முடிச்சை 70இல் நெருங்கலாம். அதில் இரண்டு பதிப்புகள் உண்டு. முதலாவது 2002இல் வந்தது. இரண்டாவது 2012இல். முதலாவதன் எடை 950 கிராம், இரண்டாவது 805. ஃபில்டர் அளவு 77 மில்லிமீட்டரிலிருந்து 82 ஆனது, அதாவது பழைய ஃபில்டர்கள் எல்லாம் வீண். இரண்டிலும் ஸ்டெபிலைசர் கிடையாது. எஃப் 2.8இல் முழுக்கத் திறந்து எடுக்கும்போது புதியது ஓரம் வரை கூர்மை. பழையது நடுவில் கூர்மை, ஓரத்துக்குப் போகப் போக இளகல். கூடவே ஆளுக்கு ஆள் மாறும், ஒன்று பிரமாதமாக இருக்கும், அடுத்தது சுமாராக இருக்கும் என்று பேர் வாங்கியது. விலை? புதியது ஒன்று வாங்கும் காசில் பழையது இரண்டு வாங்கி பிரியாணியும் சாப்பிடலாம்.

இதில் வேடிக்கை, அதே 2019இல்தான் கேனன் மிரர்லெஸ் கேமராக்களுக்கான 24-70ஐ ஸ்டெபிலைசரோடு அறிவித்தது. அது என் கேமராவில் பொருந்தவே பொருந்தாது. நான் 'புதுசு, புதுசு' என்று ஏங்கிக்கொண்டிருந்ததே உலகத்துக்குப் பழசாகிவிட்டது. அந்த நவம்பரில் வேலூர் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. எனக்கு முன்னால் ஊரே புதிய பதிப்புக்கு மாறிவிட்டது.

வாணியம்பாடியில் ஒரு பாய் தொழிலை விட்டுவிட்டுப் பழைய பதிப்பை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பின்பக்கம் அச்சடித்த எழுத்துகள் 'யுடி' என்று தொடங்கின. அந்தக் காலத்துக் கேனன் லென்ஸ்களில் முதல் எழுத்து உட்சுனோமியா தொழிற்சாலையைக் குறிக்கும், இரண்டாவது எழுத்து ஆண்டை. டி என்றால் 2005. பதினான்கு வருஷம் கல்யாணச் சோறு சாப்பிட்ட லென்ஸ். டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை. "ரெண்டு நாள் வச்சுப் பாரு தம்பி, புடிச்சா காசு குடு" என்றார். வேலூர் நண்பனிடம் புதிய பதிப்பையும் இரண்டு நாளுக்குக் கடன் வாங்கினேன்.

வீட்டில் அப்பா இருந்தார். அவர் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் செலக்‌ஷன் மேசையில் முப்பத்தோரு வருஷம் நின்றவர். குரோம் ஏறி நீலமாக வரும் வெட் புளூ தோலை வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்று என்று தள்ளுவது அவர் வேலை. உண்ணிக் கடி, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு, நரம்புத் தடம், எதுவும் தப்பாது. நல்ல தோலுக்குச் சாயம் மெல்லிசாகப் போதும், துளைகள் தெரியலாம். குறையுள்ள தோலைத் தேய்த்து, மேலே கனமாகப் பூச்சு போட்டு, அச்சு அழுத்திவிடுவார்கள். கடையில் பளபளவென்று நிற்பதைப் பார்த்தால் அப்பா சிரிப்பார், "இன்னாத்த மறைச்சிகீறான்னு தெரில" என்று.

இரண்டு லென்ஸையும் அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. பழையதன் ஜூமை இப்படியும் அப்படியும் திருப்பினார். அந்தப் பதிப்பு தலைகீழ், 24இல் குழல் வெளியே நீளும், 70இல் உள்ளே போகும். நீண்டிருந்த குழலின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டினார்.

"இது ஆடுதுடா."

நான் இரவு முழுக்கச் சுவரில் பேப்பர் ஒட்டிப் படம் எடுத்துக் கண்டுபிடித்ததை அவர் பத்து வினாடியில் சொல்லிவிட்டார். குழல் தளர்ந்தால் முன்கண்ணாடிகள் ஒரு பக்கம் சாயும், படத்திலும் ஒரு பக்கம் இளகும். என் படங்களில் 24இல், எஃப் 2.8இல், இடது ஓரத்து எழுத்துகள் கரைந்திருந்தன. எஃப் 8க்கு மூடினால் சரியாகிவிட்டது. அங்கே பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் திரையில் மூக்கை ஒட்ட வேண்டியிருந்தது.

அதுதான் என்னை யோசிக்க வைத்தது. புதியது வாங்க நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம் ஷூ கம்பெனிகளின் கேட்லாக் வேலை. ஆனால் ஷூவை யாரும் எஃப் 2.8இல் எடுப்பதில்லை. மூக்கிலிருந்து குதிகால் வரை ஃபோகஸில் இருக்க எஃப் 11 வேண்டும், நல்ல விளக்கு வேண்டும். எனக்குச் சோறு போடப்போகும் வேலைக்கு அந்த விலை தேவையே இல்லை. தேவைப்பட்டது எனக்கு, பிரிக்காத பெட்டியை என் கையால் பிரிக்க.

அப்பாவிடம் குறையுள்ளதை எப்படி வாங்குவது என்றேன்.

"குறை எங்க கீதுன்னு தெரிஞ்சிட்டா கட்டிங்காரன் அதை உட்டுட்டு பேட்டர்ன் வச்சி வெட்டுவான். முழுத் தோலையா தூக்கிப் போடுறான்?"

பாயிடம் குழல் ஆடுவதைக் காட்டினேன். அவரே ஆட்டிப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். மிச்சக் காசில் இரண்டு ஸ்டுடியோ விளக்குகள் வாங்கினேன். கேட்லாக் வேலை வந்தது, இன்னும் வருகிறது. யாராவது என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: எந்த எஃப்-இல் எடுக்கப்போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். விளக்கு வைத்து, மூடி எடுப்பவருக்குப் பழையது போதும். இருட்டில் திறந்து எடுத்தே ஆக வேண்டியவருக்குப் புதியதுதான். பழையது வாங்கினால் பாகங்கள் கிடைப்பது வருஷா வருஷம் கஷ்டமாகும் என்பதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

2022இல் குடியாத்தத்தில் அத்தை பெண் கல்யாணம். சாயங்காலம் வீட்டு வாசலில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம். குரூப் என்றால் ஃபிளாஷ் போட்டு எஃப் 5.6க்குக் கீழே இறங்குவதில்லை என்பது என் சட்டம். அன்று ஃபிளாஷ் பேட்டரி தீர்ந்திருந்தது, கரண்டும் போயிருந்தது, மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 24இல், எஃப் 2.8இல் நான்கு படம் எடுத்தேன். நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும் கண்ணிமை வரை தெளிவு.

இடது ஓரத்தில் அப்பா.

அவர் எப்போதும் ஓரத்தில்தான் நிற்பார். ஷாப்பில் இருந்த காலத்தில் எத்தனை முறை குளித்தாலும் வாடை போகாது என்று ஒரு கூச்சம். பஸ்ஸில் கடைசி சீட், பந்தியில் கடைசி இலை. வேலையை விட்டு வருஷங்கள் ஆகி வாடை போய்விட்டது, அந்தப் பழக்கம் போகவில்லை. படத்தில் அவர் சட்டை தெரிகிறது, நின்ற விதத்தில் அவர்தான் என்று தெரிகிறது. கண் இல்லை. அந்த நான்கிலும் இல்லை.

அத்தை பிரேம் போட்டு அனுப்பியிருந்தார். அப்பா அதை ஜன்னலோரம் எடுத்துப்போய், வெட் புளூ தோலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நான் லென்ஸைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஓரத்துத் தோலு லூஸாதாண்டா இருக்கும்" என்று சிரித்தார். "வயித்துப் பக்கம் எந்த ஆட்டுலயும் அப்படித்தான்."

அந்த லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குரூப் படம் எடுக்கும்முன் இடது ஓரத்தில் நிற்பவரை ஒரு நிமிஷம் பார்க்கிறேன். பெரும்பாலும் பொண்ணு வீட்டுத் தூரத்துச் சொந்தம், சமையலுக்கு வந்த ஆயா, யாரோ ஒருவருடைய அப்பா. "நீங்க நடுவுல வாங்க" என்று கூப்பிடுகிறேன். "இருக்கட்டும் தம்பி, இங்கயே நின்னுக்கறேன்" என்கிறார்கள். ஒரு தடவை கூப்பிட்டதும் வந்தவர் இதுவரை யாரும் இல்லை.