என்ஜினை மட்டும் வாங்க முடியாது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஓஷ்கோஷில், ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் சொந்தக் கையால் விமானம் கட்டியவர்கள் கூடுகிறார்கள். பால் போபெரெஸ்னி 1953-இல் தொடங்கிய சங்கத்தின் திருவிழா அது. புல்வெளியில் நிற்கும் விமானங்கள் பலவற்றில் என்ஜின் மூடி திறந்தே இருக்கும்; கட்டியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் கேட்பது, 'எத்தனை குதிரைத்திறன், என்ன விலை?' அந்த மூடிகளுக்குள் பார்க்கப் பார்க்க, இவை கடைசியாகக் கேட்க வேண்டியவை என்றே எனக்குப் படுகிறது. என்ஜின், புரொப்பெல்லர், குளிர்விப்பு, எரிபொருள் குழாய் எல்லாம் ஒன்றாகப் பறந்து தேறிய தொகுப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காரணம் புரொப்பெல்லரின் நுனியில் இருக்கிறது. 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2700 சுற்று சுற்றினால் நுனி வேகம் நொடிக்குச் சுமார் 254 மீட்டர். 5000 சுற்றானால் 470-ஐத் தாண்டும். ஒலியின் வேகமோ 340 மீட்டர்தான். ஒலியை மிஞ்சினால் இரைச்சல் கூடும், உந்துவிசை குறையும். அதனால்தான் லைகமிங் ஓ-320, 5.2 லிட்டர் கொள்ளளவோடு 2700 சுற்றிலேயே 160 குதிரைத்திறன் தந்து புரொப்பெல்லரை நேராகச் சுழற்றுகிறது. ஆஸ்திரிய நாட்டு ரோட்டாக்ஸ் 912-இன் 100 குதிரைத்திறன் வகை 1.35 லிட்டர்தான், 5800 சுற்று ஓடி, பல்சக்கரத்தால் அதை 2400-க்கு இறக்குகிறது. வழி வேறு, இரண்டிலும் கணக்கு ஏற்கெனவே போட்டு முடிந்திருக்கிறது.

கார் என்ஜின் மலிவு, லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறதே என்பார்கள். நெடுஞ்சாலையில் கார் தன் சக்தியில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது; விமானமோ முழுச் சக்தியில் ஏறி, பிறகு முக்கால் சக்தியில் மணிக்கணக்காக ஓட வேண்டும். பல்சக்கரப் பெட்டி, ரேடியேட்டர், இரட்டைப் பற்றவைப்பு எல்லாம் கட்டுபவர் தலையில் விழும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2012 ஆய்வும், சொந்தமாகக் கட்டிய விமானங்களின் விபத்துகளில் என்ஜின் அமைப்புக் கோளாறையும், பறக்கையில் கட்டுப்பாடு இழப்பதையும் முன்வரிசையில் வைத்தது. அந்நாட்டு வழக்கமும் இதை உணர்ந்ததே: சான்று பெற்ற என்ஜின்–புரொப்பெல்லர் இணைக்கு 25 மணி நேரச் சோதனைப் பறப்பு, மற்றவற்றுக்கு 40.

'பரிசோதனை செய்வதுதானே இந்தக் கலை? ரைட் சகோதரர்கள் கடையிலா வாங்கினார்கள்?' என்ற கேள்வியும் நியாயமே. 1903-இல் அவர்களுடைய மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் 12 குதிரைத்திறன் என்ஜினைச் செய்தார். ஆனால் கேட்டுப் பார்த்தும் பொருத்தமானது கிடைக்காததால் செய்தது அது. வோக்ஸ்வாகன் கார் என்ஜின் இன்று விமானத்தில் நம்பப்படுவதும் பல பத்தாண்டுகள் பலர் பறந்து பார்த்ததால்தான். பறந்து பார்த்தால்தான் தெரியும் குறைகள் உண்டு: குளிர்விக்கும் காற்று சிலிண்டர்கள் வழியே போவதற்காக அவற்றைச் சுற்றி ஒட்டிய ரப்பர் பட்டையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே காற்று அவ்வழியே தப்பி, சிலிண்டர் கொதிக்கும். விலைப்பட்டியலில் இது வராது.

எனவே கட்டப் புறப்படுபவர், அதே விமானத்தில் அதே என்ஜினும் அதே புரொப்பெல்லரும் எத்தனை மணி நேரம் பறந்திருக்கின்றன என்று முதலில் கேட்கட்டும். விலை அதற்குப் பிறகு.