முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள்

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1973-ல் வந்த பாஷ் கே-ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள இன்ஜின் ஐடிலில் நடுங்கி, ஸ்பார்க் பிளக் முனையும் வெள்ளை வெளேரென்று இருந்தால், காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் ஸ்க்ரூவில் உடனே கை வைக்காதீர்கள்.

உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டை நகர்த்தும். அது நகரும் அளவுக்குத்தான் பெட்ரோல் போகும். தட்டுக்கு அப்பால் உள்ள வெடித்த ரப்பர் குழாய், இறுகிப்போன இன்ஜெக்டர் ஓ-ரிங் வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது. கலவை மெலிவது பெரும்பாலும் அங்கேதான்.

ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அதன் வழியாகவும் கணக்கில் வராத காற்று நுழைவதால், நல்ல இன்ஜின் தடுமாறும். எந்த மாற்றமும் இல்லையென்றால், வேறெங்கோ ஏற்கனவே கசிகிறது என்று சந்தேகப்படலாம். கசிவே இல்லையா? கேஜ் மாட்டி, தட்டின் நகர்வை எதிர்க்கும் கன்ட்ரோல் பிரஷரைப் பாருங்கள்; அது கூடினால் பெட்ரோல் குறையும்.

ஸ்க்ரூ கடைசியில்தான். வரிசை மாறாமல் பார்த்தால் இந்த இன்ஜின்கள் இன்னும் பல வருஷம் ஓடும்.