கால் சுற்று

ராஜினாமா கடிதம் எழுதப் பத்து நிமிடம் ஆனது. பின்சக்கரம் கட்டக் கற்றுக்கொள்ள மூன்று மாதம். முதலில் சக்கரத்தைக் கற்றுவிட்டுக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டும்.

கோவையில் 17 வருடம் தணிக்கை வேலை. மில் மில்லாகப் போய்ப் பஞ்சுப் பொதிகளை எண்ணுவது, வவுச்சரைப் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பது. பிடிக்காமல் விடவில்லை. ஒவ்வொரு மார்ச்சும் போன மார்ச்சாகவே இருந்தது, அவ்வளவுதான்.

ஏன் சைக்கிள் என்று கேட்டவர்களிடம் ஆன் மஸ்டோவைச் சொல்வேன். இங்கிலாந்தில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். ராஜஸ்தானில் பஸ் ஜன்னல் வழியே பார்த்தபோது, பாலைவனத்தில் ஒருவர் தனியாக மிதித்துப் போய்க்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மா வேலையை விட்டுவிட்டு 1987-இல் உலகைச் சுற்றக் கிளம்பிவிட்டார். அப்போது அவருக்குப் பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியாது. எனக்குத் தைரியம் தந்தது அந்தக் கடைசி விஷயம். என்னைக் கெடுத்ததும் அதுதான்.

முதல் பயணம் ஜூன் மாதம், நாகர்கோவில் வரை. சுமை 31 கிலோ. அதில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்றும் இருந்தது, யாரைப் பார்க்கவோ! காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கு நடுவே நெருக்குண்டு வெளியேறும் இடம் அது. அங்கே காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் வண்டி நகர்ந்தது. நானோ ஆபீஸ் பழக்கத்தில் அன்றைய கணக்காக 90 கிலோமீட்டர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பெரிய கியரில் எழுந்து நின்று மிதித்தேன். டங்கென்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பின்சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பிகள் போய், ரிம் கோணி, பிரேக் கட்டையில் உரசியது. தள்ளிக்கொண்டு போன என்னைப் பார்த்து டீக்கடைப் பெரியவர் கேட்டார்: “ஒரு பைக்கு வாங்கப்பிடாதா மக்கா?”

ஊர் திரும்பியதும் தெருக்கோடி சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்கார அண்ணனுக்கு முதல் வாரம் நான் ‘சார்’, அப்புறம் ‘தம்பி’. என் பின்சக்கரத்தில் 36 கம்பிகள். செயின் பக்கம் ப்ரீவீல், அதாவது பல்சக்கர அடுக்கு, இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். ரிம் நடுவில் நிற்க அவற்றைக் கூடுதலாக முறுக்க வேண்டும். ரொம்ப முறுக்கினால்தான் கம்பி அறுபடும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. தளர்ந்த கம்பிதான் ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து, இழுபட்டு, மறுபடி தொய்ந்து, வளைந்த தலைப்பக்கத்தில் களைத்து முறிகிறது. அண்ணனுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியதில்லை. ஸ்பேனரால் தட்டிக் கேட்பார்.

“ஒரு பக்கத்துக் கம்பியெல்லாம் ஒரே மாதிரி பேசணும் தம்பி. ஒண்ணு மட்டும் மொத்தையாப் பேசுனா அதுதான் திருடன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூறு வவுச்சரைப் புரட்டும்போது ஒன்றில் மட்டும் கை நிற்குமே, அதே வேலை. விட்டுவிட்டு வந்ததாக நினைத்தது கடைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

அதன்பின் காலையில் கிளம்புமுன் பத்து நிமிடத் தணிக்கை. கம்பிகளைத் தட்டுவது, டயரில் கண்ணாடிச் சில்லு தேடுவது. வாரம் ஒருமுறை செயினை அளப்பது: கண்ணிக்கு அரை அங்குலம், 24 கண்ணிக்குச் சரியாக ஓர் அடி. அதற்குமேல் எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டிவரும். நோட்டு இன்னும் இருக்கிறது. கிலோமீட்டர் பத்தியை மட்டும் அடித்துவிட்டேன்.

மணாலியிலிருந்து லே போனபோது சுமை 16 கிலோ. சர்ச்சுவுக்கு அப்பால் கேட்டா லூப்ஸ் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள். இருப்பதிலேயே சின்ன கியரில், உட்கார்ந்தபடி, பக்கத்தில் ஆள் இருந்தால் பேச முடிகிற அளவு மூச்சில் ஏறினேன். நடப்பவர் முந்தலாம், அவ்வளவு வேகம். ஒன்பதாவது வளைவோ பத்தாவதோ, டங். செயின் பக்கம். ப்ரீவீலைக் கழற்றினால்தான் அங்கே புதுக் கம்பியை நுழைக்க முடியும். கழற்றும் சாமான் இருந்தது. அதைத் திருப்பும் பெரிய ஸ்பேனரை எடை என்று வீட்டிலேயே விட்டிருந்தேன். சிக்கனமும் தணிக்கைக்காரன் புத்திதான். மேலேறி வந்த லாரியை நிறுத்தினேன். ஓட்டுநர் இறங்கி, ஸ்பேனரைக் கொடுத்து, பீடி பற்றவைத்து, நான் முடிக்கும்வரை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

17,000 அடிக்கு மேலிருக்கும் டாங்லாங் லாவில் நானும் எல்லோரையும் போலப் படம் எடுத்துக்கொண்டேன். அதைவிட அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தப் பீடி வாசனை.

கோவை திரும்பிய மறுநாள் அண்ணன் கடைக்குப் போனேன். லே எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினார். கம்பி கம்பியாகத் தட்டிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார்.

“இது யாரு போட்டது?”

“நான்தான்ணே.”

இன்னொரு முறை தட்டினார். நிப்பிளில் கால் சுற்று முறுக்கிவிட்டு அடுத்த கம்பிக்குப் போனார்.