வலப்பக்கத்துக் கப்பு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தெற்கே நிபோங் திபால் பட்டணத்தை அடுத்து இருக்கிறது பைராம் தோட்டம். கரும்பு, ரப்பர், செம்பனை என்று பயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவந்த வட்டாரம் அது. ரப்பர் இருந்த நாள்களில் அங்கே சைக்கிள் இல்லாமல் வேலை நடக்காது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்களையும், வெயில் ஏறிய பிறகு பால் வாளிகளையும் சைக்கிள்தான் சுமந்தது. கறுப்பு நிறம், கனத்த சட்டம், பின்னால் இரும்புக் கேரியர். பெரும்பாலானவை இங்கிலாந்துச் சைக்கிள்கள். நாட்டிங்ஹாமில் செய்யப்பட்ட ராலேக்குத் தனி மதிப்பு இருந்தது.

லயத்துச் சைக்கிள்களுக்கெல்லாம் வைத்தியராக இருந்த ஒரு தாத்தா இன்றும் அங்கே வாழ்கிறார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று நெடுநாளாகிவிட்டது. சைக்கிள்கள் போய் மோட்டார் சைக்கிள்கள் வந்த பிறகு, அவருடைய கருவிப்பெட்டி கட்டிலின் அடியில் தங்கிவிட்டது. அதை மீண்டும் வெளியே இழுக்க வைத்தவள் படிவம் நான்கில் படிக்கும் பேத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சித்தப்பாவுடன் ஜார்ஜ்டவுனுக்குப் போயிருந்தாள். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில், பழைய மின்விசிறிகளுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவே, கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியுடன் ஒரு மெலிந்த சைக்கிள் சாய்ந்து நின்றது. சங்கிலி துருவேறிக் குச்சிபோல் விறைத்திருந்தது. ஒரு சக்கரத்தில் டயரே இல்லை. சட்டத்தின் முன்பக்கத்தில் மட்டும் ஒரு சிங்கச் சின்னம் மங்கலாகத் தெரிந்தது. பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் சின்னம் அது. யாரோ வெளிநாட்டவர் விட்டுப்போன வண்டி என்றார் விற்றவர். எழுபது ரிங்கிட் விலை பேசி, தன் சேமிப்பிலிருந்து கொடுத்தாள்.

சித்தப்பாவுக்கு அது வீண் செலவாகத் தோன்றியது. “ஓட்டவா போகிறாய்? சாயம் பூசிச் சுவரில் மாட்டு. அழகாக இருக்கும்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஜார்ஜ்டவுனில் பழைய சைக்கிளுக்குச் சுவர்தான் இப்போது பெயர் வாங்கித் தருகிறது. ஆர்மீனியன் தெருவில், 2012-இல் எர்னஸ்ட் ஜக்காரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் இரண்டு பிள்ளைகளைச் சுவரில் வரைந்து, அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிளாக உண்மையான பழைய சைக்கிளையே பதித்தார். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள மக்கள் வரிசையில் காத்திருப்பார்கள். ஆனால், அவளுக்கு ஓட்டுவதற்குத்தான் சைக்கிள் வேண்டியிருந்தது.

வண்டியைப் பார்த்ததும் தாத்தா சட்டத்தை விரல் நுனியால் தட்டிக் காதைக் கொடுத்தார். “இரும்பு நல்ல இரும்பு” என்றார். அந்த மதிப்பீடு சரிதான். பெஜோ குடும்பத்தார் சைக்கிளுக்கு முன்பே இரும்போடு பழகியவர்கள். ரம்பமும் காப்பிக்கொட்டை அரைக்கும் கருவியும் செய்தவர்கள். சிங்கச் சின்னம்கூட முதலில் ரம்பத்துக்காகப் பதிவானதுதான். சைக்கிள் செய்யத் தொடங்கியது 1882-இல். அந்த நிறுவனத்தின் அணிக்காக ஓட்டிய பெர்னார் தெவனே 1975-இலும் 1977-இலும் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் வென்றார். அவர் ஓட்டியது விலையுயர்ந்த, எடை குறைந்த எஃகுக் குழாய்களால் ஆன வண்டி. சந்தையில் கிடைத்தது கடைகளில் விற்ற மலிவு வகை. குழாய் வேறு, விலை வேறு. ஆனால், இரண்டையும் செய்தவர்கள் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த அளவுகோல்தான் பிறகு பெருந்தொல்லை கொடுத்தது.

முதல் வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. துருவை எடுக்க, மலாய்க்காரர்கள் ‘பெலிம்பிங் பூலூ’ என்று சொல்லும் புளிப்புக் காயைத் தாத்தா பறித்து வந்தார். அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் துருவைக் கரைக்கும். கிரிஸ் கத்தியைத் துலக்க அந்தக் காயைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். பளபளப்புப் பூச்சுள்ள பாகங்களைப் பேத்தி அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தாள். கறுத்துக் கிடந்த கைப்பிடி பத்து நிமிடத்தில் முகம் காட்டியது.

மிதிகட்டைகளைத் தாங்கும் கிராங்குகளைக் கழற்றும்போதுதான் தாத்தாவின் கைத்திறன் தெரிந்தது. கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது காட்டர் பின் என்னும் சிறிய ஆப்பு. அவசரக்காரர்கள் அதைச் சுத்தியலால் அப்படியே அடிப்பார்கள். அடி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகளின்மேல் இறங்கி, அவை உருளும் பாதையைக் குழிவிழச் செய்யும். தாத்தா ஓர் இரும்புக் குழாயைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, கிராங்கை அதன்மேல் தாங்க வைத்தார். பிறகு ஒரே அடி. பின் குழாய்க்குள் விழுந்தது. அடியின் வேகம் தரைக்குப் போனது.

அடுத்தது அடிக்குழாய். அச்சு சுழலும் அந்தக் குழாயின் இரு பக்கமும் மரையுள்ள இரண்டு கிண்ணங்கள் மூடியிருக்கும். கடைக்காரர்கள் அவற்றைக் கப்பு என்பார்கள். இடப்பக்கத்துக் கப்பு எளிதில் வந்துவிட்டது. உள்ளே கரும்பசையாய் உறைந்த பழைய கொழுப்பு, குண்டுகள் பழுதாகியிருந்தன. வலப்பக்கத்துக் கப்பு அசையவில்லை.

தாத்தா அதை வலப்புறமாகத் திருகினார். அதற்குக் காரணம் உண்டு. மற்றத் திருகுகள் இடப்புறம் திருப்பினால் கழலும். ஆனால், சைக்கிள் மிதிக்க மிதிக்க வலப்பக்கத்துக் கப்பு தானாகவே தளரப் பார்க்கும். அதனால் ஆங்கிலேயர் அந்த ஒன்றை மட்டும் இடஞ்சுழி மரையாக வெட்டினார்கள். அது வலப்புறம் திருப்பினால்தான் கழலும். ராலே சைக்கிள்களைப் பிரித்த கைக்கு அது யோசிக்காமலே வரும் பழக்கம்.

ஸ்பேனரில் ஒரு குழாயை மாட்டி நெம்பினார். கப்பு கால் விரல் அளவு நகர்ந்தது. “வருகிறது” என்றார். ஆனால், அதற்குப் பிறகு முன்னைவிடக் கெட்டியாகிவிட்டது. மீண்டும் நெம்பியபோது ஸ்பேனர் வழுக்கி, கப்பின் விளிம்பு சிதைந்தது. தாத்தாவின் முட்டியில் தோல் உரிந்தது.

“தாத்தா, இறுகுகிறதோ?” என்று பேத்தி கேட்டாள்.

“நாற்பது வருடமாகக் கழற்றுகிறேன். எனக்குத் தெரியாதா அம்மா?”

அவள் அதற்குமேல் பேசவில்லை. அன்று மாலை, கழற்றி வைத்திருந்த இடப்பக்கத்துக் கப்பை மண்ணெண்ணெயில் கழுவினாள். அதன் முகப்பில் ஏதோ பொறித்திருந்தது. விளக்கில் சாய்த்துப் பார்த்தாள். ‘35 × 1’ என்று தெரிந்தது.

பழையது பழுதாகியிருந்தால் மாற்றலாம் என்று நிபோங் திபாலில் வாங்கி வைத்திருந்த புதுக் கப்பு ஒன்று மேசைமேல் இருந்தது. இரண்டு கப்புகளின் மரைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். முதல் இரண்டு மூன்று பற்கள் கவ்வின. அதற்குப்பின் பல்லோடு பல் முட்டி நடுவில் வெளிச்சம் கசிந்தது. இயற்பியல் பாடத்துக்கு வைத்திருந்த வெர்னியர் அளவியை எடுத்தாள். பழைய கப்பில் ஏழு மரைகள் 7.0 மில்லிமீட்டர், புதியதில் 7.4. விட்டமும் கொஞ்சம் வேறுபட்டது: பழையது 35, புதியது 34.8.

அந்தச் சிறு வேறுபாட்டின் பின்னால் நெடிய கதை ஒன்று உண்டு. பிரான்ஸ் 1795-இலேயே மீட்டர் முறையைச் சட்டமாக்கியது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் திருகு மரைகளுக்கு ஒரு பொதுமுறையை முன்வைத்தார். அது அங்குலக் கணக்கு. சைக்கிள் பிறந்து வளர்ந்தபோது இரு நாட்டாரும் தத்தம் கணக்கிலேயே மரை வெட்டினார்கள். இங்கிலாந்துக் கப்பில் அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சுக் கப்பில் மில்லிமீட்டருக்கு ஒரு மரை. அதோடு, பிரெஞ்சுக்காரர்கள் வலப்பக்கத்துக் கப்பையும் வலஞ்சுழி மரையாகவே வெட்டினார்கள். அதைக் கழற்ற இடப்புறம் திருப்ப வேண்டும். தாத்தா ஒவ்வொரு முறை நெம்பியபோதும் அது இறுகிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் பலமாக நெம்பியிருந்தால் குழாயின் மரை அறுந்திருக்கும். அப்படி அறுந்த சட்டம் மிகப் பெரும்பாலும் இரும்புக் கடைக்குத்தான் போகும். எழுபது ரிங்கிட் சைக்கிளுக்கு யாரும் புதுமரை வெட்டிச் செலவு செய்யமாட்டார்கள்.

மறுநாள் காலை அவள் இரண்டு கப்புகளையும் அளவியையும் தாத்தாவின் முன் வைத்தாள். ஒன்றும் விளக்கவில்லை. தாத்தா அங்குலத்தில் வேலை கற்றவர். மலேசியாவில் எடை அளவைச் சட்டம் வந்தது 1972-இல். அதற்கு முன்பே அவருக்குக் கை பழகிவிட்டது. அவர் அளவியைப் பார்க்கவில்லை. கப்புகளை எடுத்து மரையோடு மரை சேர்த்து, அவள் செய்ததுபோலவே வெளிச்சத்துக்குப் பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார். பிறகு இரண்டையும் கீழே வைத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் வெளியே போனார்.

அன்று முழுவதும் அவர் சைக்கிளின் பக்கம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஆனால், வலப்பக்கத்துக் கப்பின் விளிம்பில் எண்ணெய் ஈரம் இருப்பதைப் பேத்தி கவனித்தாள். காலையும் மாலையும் யாரோ சொட்டுச் சொட்டாக விட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் தாத்தாவே கூப்பிட்டார். “விளிம்பு சிதைந்துபோய்விட்டது. இனி ஸ்பேனர் பிடிக்காது. வைஸ் வேண்டும்.”

பட்டணத்தில் தமக்குப் பழக்கமான சீனத் தவுக்கேயின் இரும்புப் பட்டறைக்குச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கப்பை வைஸின் வாயில் கவ்வ வைத்தார் தாத்தா. சட்டம் படுக்கையாக மேலே நின்றது. கப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு சட்டத்தையே திருப்புவது அவருடைய யோசனை. ஸ்பேனரின் கைப்பிடி ஒரு சாண். சட்டமோ மூன்றடிக்கும் மேல். அவ்வளவுக்கு நெம்பும் விசை கூடும்.

“எந்தப் பக்கம் தாத்தா?”

“நீ அளந்த பக்கம்.”

இருவரும் சட்டத்தின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, செக்கைச் சுற்றுவதுபோல் நடக்கப் பார்த்தார்கள். முதலில் அசையவில்லை. தவுக்கே வந்து தாத்தாவின் பக்கத்தில் ஒரு கை கொடுத்தார். ‘டக்’ என்று ஓர் ஓசை. உடைந்துவிட்டதோ என்று பேத்தி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது சட்டம் தளர்வாகச் சுழன்றுகொண்டிருந்தது. உள்மரை முழுசாக இருந்தது. தாத்தா சுண்டுவிரலை விட்டு அதைத் தடவிப் பார்த்தார். பிறகு தவுக்கேயிடம் மலாயில், தாம் மூன்று நாளைக்கு முன் தவறான பக்கம் திருகிய கதையை முழுவதும் சொன்னார்.

மற்ற வேலைகளில் அவ்வளவு சிரமம் இல்லை. பழைய கப்புகளின் உட்பக்கம் நன்றாகவே இருந்ததால் அவற்றையே மீண்டும் பூட்ட முடிந்தது. பக்கத்துக்குப் பதினொரு குண்டுகள் புதிதாக வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுச் சைக்கிளிலும் அந்தக் குண்டு கால் அங்குலம்தான். எந்தக் கடையிலும் கிடைக்கும். டயரில் கதை தலைகீழ். அந்தச் சக்கரத்தின் அளவு 700சி, பிரெஞ்சுக்காரர் வகுத்தது. இன்று உலகெங்கும் சாலைப் பந்தய வண்டிகளுக்கு அதுவே பொது அளவு. அதனால் புது டயரும் முதல் கடையிலேயே கிடைத்தது. கியர் மாற்றும் பிளாஸ்டிக் பாகம் விரிந்துபோயிருந்ததால், பழைய ஜப்பானிய பாகம் ஒன்றைப் பூட்டினார்கள். மிதிகட்டைகளில் ‘டி’, ‘ஜி’ என்று எழுத்துகள் இருந்தன. பிரெஞ்சில் வலத்துக்கும் இடத்துக்கும் முதல் எழுத்துகள் அவை என்று பேத்தி படித்துச் சொன்னபோது, “இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்” என்றார் தாத்தா.

டயர் மாட்டும்போது அவர் தம் அப்பா சொன்ன ஒன்றை நினைவுகூர்ந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் சைக்கிள்களில்தான் இறங்கி வந்தது. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். தார்ச்சாலையில் அந்த இரும்பு ஓசை இரவில் கேட்டால் வீட்டில் விளக்கை அணைத்துவிடுவார்களாம். “அதனால், டயர் இல்லாத சக்கரம் உருளும் சத்தம் அப்பாவுக்குப் பிடிக்காது” என்றார்.

சக்கரத்தை நேராக்கும் வேலையை அவர் யாருக்கும் விடவில்லை. கம்பிகளை விரலால் மீட்டி, ஒலி மங்கிய கம்பியை இறுக்கி, கூர்மையாக ஒலித்ததைத் தளர்த்தினார். அதற்கு அளவி தேவைப்படவில்லை. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒலிகளைக் கேட்டுப் பழகினாள்.

பள்ளி விடுமுறையின் முதல் காலை அவள் செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் சாலையில் ஓட்டினாள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சிட்டது. அதைச் சரிசெய்ய இன்னொரு நாளாயிற்று. மூன்றாம் வாரம் மிதிக்கும்போது அடியில் லேசாக ‘கிளிக்’ என்றது. தாத்தா குனிந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கப்பு மயிரிழை அளவு தளர்ந்திருந்தது. எதற்கு அஞ்சி ஆங்கிலேயர் இடஞ்சுழி மரை வெட்டினார்களோ, அதுவே நடந்திருந்தது.

அவர் அதை இறுக்கினார், இந்த முறை சரியான பக்கம். பிறகு வெள்ளைச் சாயத்தைத் தீக்குச்சியில் தொட்டு, கப்பிலிருந்து சட்டம்வரை ஒரு சிறு கோடு இழுத்தார். இப்போது அவள் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறார். கோடு முறியாமல் இருந்தால், “போய் வா” என்கிறார்.