புன்னக்காயலில் ஒரு ஜப்பானிய வாள்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, கடலோடு கலக்கும் இடம் புன்னக்காயல். திருநெல்வேலியிலிருந்து ஆற்றைத் துணைக்கொண்டே நாம் அவ்வூருக்குப் புறப்பட்டோம். ஆதிச்சநல்லூரைக் கடக்கையில் பேருந்தின் சன்னல் வழியே அந்தச் செம்மண் பரம்பை நோக்கினோம். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்னும் அறிஞர் அங்கே அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிகளும் வெளிப்பட்டன. துருவேறி, நுனி தேய்ந்து கிடந்த அவ்விரும்புத் துண்டுகளே நம் முன்னோரின் கொல்லுத் தொழிலுக்குச் சான்றாய் இன்று நிற்கின்றன.

அன்று நம் பையில் இருந்தவை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஓர் அளவுநாடா, மெல்லிய பருத்தித் துணி, சிறு புட்டியில் எண்ணெய். நாமும் ஒரு வாளைக் காணவே சென்றுகொண்டிருந்தோம். ஆனால் அது பொருநைக் கரை வாளன்று, ஜப்பானிய வாள்.

தபால்தலை சேர்ப்போர் உண்டு. பழங்காசு சேர்ப்போர் உண்டு. நம்மைப் பற்றிக்கொண்டது ஜப்பானிய வாள்களை இனங்காணும் பழக்கம். நம்மிடம் வாள் ஒன்றும் இல்லை. வாங்கும் வசதியும் இல்லை. நூல்களும் படங்களும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுமே நம் பள்ளிக்கூடம். இதனை அறிந்த நண்பர் ஒருவர், புன்னக்காயலில் தம் உறவினர் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து வாள் ஒன்று இருப்பதாகவும், அதற்குப் பல இலட்சம் விலை கிடைக்கும் என யாரோ சொல்லிவிட்டதாகவும், படகுக் கடனில் தவிக்கும் அக்குடும்பத்துக்கு உண்மையைச் சொல்ல ஒருவர் வேண்டுமென்றும் எழுதியிருந்தார்.

ஏரலும், வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஆத்தூரும் கடந்தபின் நிலத்தின் முகம் மாறுகிறது. பசுமை பின்தங்க, உப்பளங்கள் வெயிலில் கண்ணைப் பறிக்கின்றன. ஆற்றின் கிளைகள் அலையாத்திப் புதர்களுக்கிடையே சோம்பி நடக்கின்றன. அப்பால் படகுகளும் வலைகளும் ஆலயமும் தோன்றின. நாம் முதலில் ஆலயத்துள் சென்று முழந்தாளிட்டோம்.

இச்சிற்றூரின் பெயரை உலக வரலாறு நன்கறியும். முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியரின் தலைமை இடமாக இருந்து, 1553-இல் கடற்கொள்ளையரின் தாக்குதலுக்கு இலக்கான ஊர் இது. புனித சவேரியாரின் பாதம் பட்ட மணல் இது. அவருக்குப் பின் வந்து அரை நூற்றாண்டளவு இக்கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1600-இல் உயிர் நீத்ததும் இவ்வூரிலேயே. அவர் தமிழில் ஆக்கிய ‘அடியார் வரலாறு’ 1586-இல் இங்கு அச்சேறியதாக அறிஞர் பலர் கூறுவர். அந்நூலின் படியை நாம் காத்துவைக்கவில்லை. உரோமையில் வத்திக்கான் நூலகம் காத்தது. அதனாலன்றோ இயேசு சபை இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் அதனை மீண்டும் பதிப்பித்துத் தமிழருக்கு அளிக்க முடிந்தது!

ஜப்பானுக்கும் இக்கரைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். 1542 முதல் 1544 வரை இக்கடற்கரையில் ஊர் ஊராய் நடந்து, சிறுவர்க்குச் செபம் கற்பித்த அதே சவேரியார்தாம் 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பானின் ககோஷிமாத் துறையில் இறங்கினார். அவ்வாண்டு நவம்பரில் அவர் எழுதிய நீண்ட மடலில், அந்நாட்டார் மானத்தைப் பெரிதாய் மதிப்பவர்கள் என்றும், ஆயுதங்களில் மிகுந்த பற்றுடையவர்கள் என்றும், பதினான்கு வயதிலேயே வாளும் குத்துவாளும் தரிப்பவர்கள் என்றும் வியந்து குறிப்பிடுகிறார். ஆக, ஜப்பானிய வாளைப் பற்றிய ஆதிச் செய்திகளுள் ஒன்றை மேல்நாட்டுக்கு அனுப்பியவர் நம் கடற்கரையின் அப்போஸ்தலரே.

வீட்டில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் நம்மை வரவேற்றார். வாளைக் கொணர்ந்தவர் அவருடைய தந்தை. பேரப்பிள்ளைகள் ஆவலோடு சூழ்ந்துகொள்ள, பழைய சேலையில் சுற்றிய வாள் வெளியே வந்தது. பெரிய பேரன் கையில் உப்புத்தாளும் ஆயத்தமாய் இருந்தது. “ஐயா வருமுன் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட எண்ணினேன், பாட்டி விடவில்லை” என்றான். பாட்டிக்கு நாம் மனத்துள் நன்றி சொன்னோம்.

பழம் வாளைப் பேணுவோர்க்கு முதல் விதி, துருவைக் கண்டு அஞ்சித் தேய்க்காதிருப்பது. ஜப்பானிய வாளின் அடையாளம் ஒளிரும் அலகில் மட்டும் இல்லை. பிடிக்குள் மறைந்திருக்கும் வாலில் இருக்கிறது. ‘நகாகோ’ என்று அவர்கள் வழங்கும் அவ்வாலை, மூங்கில் ஆணி ஒன்று பிடியோடு பிணைத்திருக்கும். ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினால், கொல்லன் தன் பெயரையும், சிலபோது ஊரையும் ஆண்டையும் உளியால் வெட்டியிருப்பது தெரியும். அவ்விடத்துத் துருவின் நிறமும் தன்மையுமே அதன் வயதுக்குச் சாட்சி. உப்புத்தாளால் தேய்த்தவன், நூற்றாண்டுகள் எழுதிய சாட்சியத்தை ஒரு நொடியில் அழித்தவன் ஆவான். செங்கல் பொடியும் புளியும் குத்துவிளக்குக்கு ஆகும். பழம் வாளுக்கு ஆகா.

பெயர் வெட்டாத நல்ல வாள்களும் உண்டு. பெரிய கொல்லர்களின் பெயரைப் பொய்யாய் வெட்டிய வாள்களும் உண்டு. ஆதலால் பெயரை மட்டும் நம்புதல் கூடாது. அலகின் நீளம், வளைவு, இரும்பை மடித்து மடித்து அடித்ததால் மேனியில் ஓடும் மரவரி போன்ற ரேகை ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்த அடையாளம் தோய்ச்சல் கோடு. கொல்லன் அலகின் முதுகில் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் களிமண் பூசிக் காய்ச்சி, நீரில் தோய்ப்பான். வாய் விரைந்து குளிர்ந்து கடினமாகும்; முதுகு மெதுவாய்க் குளிர்ந்து ஒடியாத் தன்மை பெறும். இரண்டும் சந்திக்கும் எல்லை வெண்மூடுபனிபோல் அலகு நெடுக ஓடும். அமிலம் தடவி அக்கோட்டைப் போலியாய் வரைவோரும் உளர்.

இன்னொரு செய்தி நம்மவர்க்கு இனிக்கும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்ற யசுத்சுகு என்னும் கொல்லர், தென்கடல் வழி அயலார் கொணர்ந்த இரும்பைச் சேர்த்து இவ்வாள் செய்யப்பட்டது என்று தம் வாள்களின் வாலில் வெட்டினார். அவ்விரும்பில் ஒரு பகுதி இந்திய எஃகாய் இருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே நாம் அவ்வீட்டு வாளைக் கையிலெடுத்தோம். எடுத்தவுடனே ஓரளவு விளங்கிவிட்டது. பிடியில் பட்டுநாடா சுற்றியதுபோல் தோன்றியது உண்மையில் அலுமினிய வார்ப்பு. நாடா போலத் தோன்ற வண்ணம் பூசியிருந்தனர். மூங்கில் ஆணி இருக்க வேண்டிய இடத்தில் திருகாணி. அலகில் நீண்ட பள்ளம். கைக்காப்பின் அருகே முத்திரையாய் அடித்த எண். அதே எண் உறையின் வாயிலும் இருந்தது. 1935 முதல் ஜப்பானியப் படையின் கீழ்நிலை அலுவலர்க்கென்று தொழிற்சாலையில் இயந்திரத்தால் செய்த வாள் அது. கொல்லன் பெயரும் இல்லை. தோய்ச்சல் கோட்டின் அழகும் இல்லை. சேர்ப்போர் வாங்குவர், ஆயினும் இலட்சங்கள் இல்லை.

அதைச் சொல்லும்போது நம் நா தயங்கியது. பெரிய பேரனின் முகம் வாடியது. “பரவாயில்லை ஐயா, பொய் விலை சொல்லி ஏமாறுவதைவிட இது நல்லது” என்றான். அவன் குரலிலிருந்த ஏமாற்றத்தை நாம் இன்னும் மறக்கவில்லை.

மூதாட்டி மட்டும் விலையைக் குறித்து ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, “ஐயா, இந்த வாளுக்குரியவனை அப்பா கொன்றுதானே இதைக் கொண்டு வந்திருப்பார்?” என்றார். நாம் திடுக்கிட்டோம். “ஊரார் அப்படித்தான் பெருமையாகச் சொல்வார்கள். அப்பா வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அம்மா ஒவ்வோர் ஆண்டும் ஆத்துமாக்கள் திருநாளில் அந்த முகம் தெரியாதவனுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவர்களுக்குப் பின் நான் ஏற்றுகிறேன்.”

இரும்பு இதற்கு விடை சொல்லாது. “அப்பாவின் பட்டாளத்துக் காகிதம் ஏதும் உண்டா அம்மா?” என்று கேட்டோம். பெட்டியின் அடியில், செல்லரித்த செபப் புத்தகத்துக்குள், மடித்த தாள் ஒன்று கிடைத்தது. பழங்குப்பையென்று அவ்வாரமே எரிக்க ஒதுக்கியிருந்த கட்டில் அது இருந்தது. படைவிடுப்புச் சான்று அது. அவர் மருத்துவப் படைப்பிரிவில் காயமுற்றோரைச் சுமக்கும் தூக்குக்கட்டில் ஆளாய்ப் பணியாற்றினார். 1945 செப்டம்பர் வரை இந்தியாவிலேயே இருந்து, அம்மாதம் மலாயா சென்றார்.

நாம் உரக்கப் படித்து, பொருள் விளக்கினோம். ஜப்பான் சரணடைதலில் ஒப்பமிட்டது 1945 செப்டம்பர் 2-ஆம் நாள். இந்தியப் படைகள் மலாயாக் கரையில் இறங்கியது அதன்பின், 9-ஆம் நாள். அப்போது போர் ஓய்ந்திருந்தது. ஜப்பானியர் தம் வாள்களைக் கையளித்தனர்; அவை குவியல் குவியலாய்க் கிடந்தன; வீடு திரும்பிய படையினர் பலர் நினைவுக்கென ஒவ்வொன்று பெற்று வந்தனர். “உங்கள் அப்பா போர்க்களத்தில் எவரையும் கொன்று இதை எடுத்ததாகத் தோன்றவில்லை அம்மா. இதைத் தந்தவன் உயிரோடு ஊர் திரும்பியிருக்கவும் கூடும்.”

மூதாட்டி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார், கண்கள் நிறைந்தன. அந்த வாள் அதற்கு முன் யாருக்கு என்ன செய்ததோ, அதை நாம் அறியோம் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். சயாம்-பர்மா இரயில் பாதையில் மடிந்த ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளரை எவ்வாறு மறப்பது? அவர் தலையசைத்தார். “அப்படியானால் அவர்களுக்கும் சேர்த்து ஏற்றுகிறேன்” என்றார். பின், “வாள் தரித்த அந்த நாட்டாரில் நம் வேதக்காரர் உண்டா ஐயா?” என வினவினார்.

உண்டென்றோம். யுஸ்தோ தக்கயாமா உக்கோன் என்னும் சிற்றரசர், வாட்போரில் பெயர் பெற்றவர். 1587-இல் விசுவாசத்தைக் கைவிடுமாறு ஆணை பிறந்தபோது ஆட்சியையும் நிலத்தையும் துறந்தாரேயன்றி வேதத்தை விடவில்லை. அதைக் காக்க வாளும் உருவவில்லை. 1614-இல் நாடு கடத்தப்பட்டு, மறு ஆண்டே மணிலாவில் உயிர்விட்டார். 2017-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராய் உயர்த்தியது. மூதாட்டி அப்பெயரைச் சொல்லச் சொல்லி இருமுறை கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டார்.

புறப்படுமுன் வாளைத் துணியால் துடைத்து, மெல்லிதாய் எண்ணெய் தடவினோம். அலகை விரலால் தொடாதிருக்கவும், கடற்காற்றின் உப்பு படாமல் காக்கவும், வைத்திருப்பதற்குரிய சட்ட விதியைக் காவல் நிலையத்தில் கேட்டறியவும் பேரனுக்குச் சொன்னோம். அவன் உப்புத்தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு, அந்தச் சான்றிதழைத் தெளிந்த கண்ணாடித்தாள் உறையிலிட்டு வாளோடு சேர்த்து வைத்தான். கடனுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அதை நாம் தீர்த்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை.

வாசகப் பெருமக்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழம்பொருள் ஏதேனும் இருக்கக்கூடும். அதை விற்குமுன், தேய்க்குமுன், எரிக்குமுன், அதனோடு கிடக்கும் தாளைப் படியுங்கள்; வீட்டு மூத்தோரிடம் கேளுங்கள். நாம் திரும்புகையில் கழிமுகத்தில் மாலை வெயில் சாய்ந்திருந்தது. மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில், மாதா படத்தின்முன், ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அது நவம்பர் மாதமன்று.